மரமல்லி

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அந்தி மங்கி இருள் பரவும் வேளையில், எங்கிருந்து வருகிறதென்று கண்ணுக்குப் புலப்படாமலே ஒரு மெல்லிய சுகந்தம் தெரு முழுவதும் வியாபிக்குமானால், அருகே எங்கோ மரமல்லி பூத்திருக்கிறது என்று பெரும்பாலும் துணிந்து சொல்லிவிடலாம். பர்மா முதலிய கீழ்த்திசை நாடுகளைத் தாயகமாகக் கொண்ட இந்த நெடிய விருட்சம், நம் பாதிரி மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. மெலிந்து நீண்ட குழலுடைய இதன் வெண்மலர்கள், மாலையில் அவிழ்ந்து, நீண்ட உறிஞ்சுகுழல் படைத்த இராப்பூச்சிகளுக்குத் தேன் வழங்கி, பொழுது புலரும்போது தரையெல்லாம் உதிர்ந்து கிடக்கும்.

இவ்வளவு பூத்தும் நம் நாட்டில் இது காய்ப்பது அபூர்வம். மலரின் கேசரமே ஆண் உறுப்பு என்னும் எண்ணத்தைத் தம்மிடம் சொன்னவர் என்று தாவர சாஸ்திரி நெகேமியா குரூ 1682இல் வெளியிட்ட நூலில் குறிப்பிட்ட தாமஸ் மில்லிங்டன் என்ற ஆங்கில வைத்தியரின் பெயரையே சாஸ்திரப் பெயராகத் தாங்கிய மரத்துக்கு, விதையால் பெருகும் பாக்கியம் இங்கே எளிதில் வாய்க்காதது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. தட்டையாக நீண்டு இரு முனையும் கூர்த்த காய் தப்பித்தவறிக் கிடைத்தாலும், மெல்லிய சிறகுடைய அதன் விதைகளைத் தாமதியாமல் விதைத்துவிட வேண்டும்.

ஆனால் விதை மறுத்ததை வேர் தாராளமாகத் தருகிறது. ஆழமாக இறங்காமல் மேல்மண்ணிலேயே பரவும் வேர்களிலிருந்து, தாய்மரத்தைச் சுற்றிலும் கன்றுகள் தாமாகவே கிளைக்கும். மழைக்காலத் தொடக்கத்தில், ஒரு சாண் உயரத்துக்கு மேல் வளர்ந்த கன்றாகப் பார்த்து, மண்ணைப் பைய விலக்கி, சல்லிவேர்கள் உள்ள வேர்த்துண்டு ஒன்று அதனோடு சேர்ந்திருக்குமாறு வெட்டியெடுத்து, இலைகளில் பாதியைக் கழித்துவிட்டு, மட்கிய எருவிட்ட குழியில் நட்டு, புதுத்துளிர் காணும்வரை நிழலும் ஈரமும் குறையாமல் காப்பாற்ற வேண்டும். பிறகு அதற்கு அதிகச் சிசுருஷை தேவையில்லை.

இடத்தைத் தேர்வதில்தான் முழுக் கவனமும் வேண்டும். மரப்பட்டை தக்கைபோல் தடித்திருந்தாலும் உள்மரம் எளிதில் ஒடியும் சுபாவமுடையது, வேரும் ஆழமற்றது, ஆகவே பெருங்காற்றில் கிளை முறிவதும் மரமே சாய்வதும் உண்டு. வீட்டுச் சுவரையும் கூரையையும் விட்டு நன்றாக விலக்கி, மற்ற மரங்கள் காற்றைத் தடுக்கும் பக்கமாக நடுவதே உத்தமம். தோட்டமெங்கும் தலைகாட்டும் கன்றுகளை ஆண்டுதோறும் தோண்டி எடுத்து, மரமல்லி இல்லாத தெருக்காரர்களுக்குக் கொடுத்துவிடலாம்.