எந்தத் துறை மருத்துவர்?

மருத்துவக் கல்லூரியில் பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டால், கரை சேர்ந்துவிட்டோம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் வாசகர்களே, அடுத்த பெரும் முடிவு அங்கேதான் காத்திருக்கிறது. எந்தத் துறையில் மருத்துவராவது?

என்னிடம் ஓதிய மாணவி ஒருத்தி, எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு வாப்பாவுடன் வந்திருந்தாள். "மகப்பேறு மருத்துவம் எடுக்கச் சொல்லுங்கள் ஹஜ்ரத். நம் பெண்களுக்குப் பெண் டாக்டர் வேண்டுமல்லவா?" என்றார் அவர். மகள் விரும்பியதோ மனநல மருத்துவம். "பைத்தியத்துக்கு வைத்தியம் பார்ப்பவளை யார் கட்டுவார்கள்?" என்று வீட்டில் உம்மா அழுகிறாராம்.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை ஆண்டு. பின் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. அந்த ஓராண்டில் பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை நலம் எனப் பிரிவு பிரிவாகப் பணியாற்ற வேண்டும். அதன்பின் முதுநிலை நீட் தேர்வு. 2017 முதல் நம் நாட்டின் பெரும்பாலான எம்.டி., எம்.எஸ். இடங்கள் இத்தேர்வின் தரவரிசைப்படியே நிரப்பப்படுகின்றன. ஆகவே விருப்பம் ஒன்றாகவும், தரவரிசை தருவது வேறொன்றாகவும் அமைவதுண்டு.

முன்வரிசையில் வருவோர் பெரும்பாலும் ரேடியாலஜி, தோல் மருத்துவம், பொது மருத்துவம் ஆகியவற்றையே நாடுகின்றனர். தோல் மருத்துவருக்கு நள்ளிரவு அழைப்பு குறைவு; வருமானமும் உண்டு. மகப்பேறு மருத்துவருக்கோ பிரசவ வலி நேரம் பார்த்து வருவதில்லை. குடும்பத்தோடு இருக்க விரும்புவோர் இதையெல்லாம் எண்ணிப் பார்ப்பது தவறன்று.

ஆயினும் எல்லோரும் ஒரே திசையில் ஓடினால் என்னாகும்? உடற்கூறு, உயிர்வேதியியல் போன்ற துறைகளில் இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. எஞ்சிய இடங்களை நிரப்புவதற்காக 2023 செப்டம்பரில் முதுநிலை நீட் தகுதி எல்லையைப் பூஜ்யம் பர்சன்டைலாகவே குறைத்தனர். உடலின் அமைப்பைக் கற்பிக்கும் ஆசிரியர் இல்லாமல் நாளைய அறுவை மருத்துவர் எப்படி உருவாவார்?

அந்த மாணவியிடம், "ஏன் மனநலம்?" என்று கேட்டேன். பயிற்சிக் காலத்தில் ஒரு பெண் தலைவலி, நெஞ்சு வலி என்று மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தாராம். எல்லாப் பரிசோதனையும் சரியாகவே இருந்தது. ஒருநாள் இவள் அருகில் அமர்ந்து பேசியபோதுதான், அப்பெண் உறங்கியே பல வாரங்கள் ஆகின்றன என்பதும், சாக நினைத்ததும் வெளிப்பட்டன. மனநலப் பிரிவில் சிகிச்சை பெற்றுத் தேறினார். "அந்த வார்டில் மட்டும் நான் கடிகாரம் பார்க்கவில்லை ஹஜ்ரத்" என்றாள்.

வாப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நம் பெண்கள் மனவேதனையைச் சொல்லவும் ஒரு பெண் டாக்டர் வேண்டும்தானே" என்றார்.

பெற்றோரே! முதுநிலைப் படிப்பு மூன்றாண்டு. அதைச் சுமந்து நடக்கும் வாழ்நாளோ நெடியது. வருமானம் எவ்வளவு, சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்கள் என்று கேட்பதற்கு முன், "எந்த வார்டில் உனக்குக் களைப்புத் தெரியவில்லை?" என்று கேளுங்கள். தரவரிசை வழிவிடுமாயின், அந்தப் பதிலுக்குக் குறுக்கே நாம் நிற்க வேண்டாம்.