தண்டுவடக் காயமும் தணியாத வலியும்

மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்திகளைக் கொண்டு செல்லும் நரம்புப் பாதையே தண்டுவடம். முதுகெலும்புத் தொடரின் உள்ளே அமைந்துள்ள இதிலிருந்து 31 இணை நரம்புகள் கிளைக்கின்றன. சாலை விபத்தாலோ உயரத்திலிருந்து விழுவதாலோ தண்டுவடம் காயமுற்றால், அவ்விடத்திற்குக் கீழுள்ள உறுப்புகள் இயக்கத்தையும் உணர்வையும் பகுதியாகவோ முழுமையாகவோ இழக்கின்றன. உலகில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் இக்காயத்துடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

நீண்ட வாழ்நாள்

முதல் உலகப்போரில் தண்டுவடம் காயமுற்ற வீரர்களுள் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீரகத் தொற்றாலும் விரைவிலேயே இறந்தனர். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் தொடங்கிய சிகிச்சைப் பிரிவு இந்நிலையை மாற்றியது. இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தல், தொற்றுத் தடுப்பு, உடற்பயிற்சி, விளையாட்டு ஆகியன உயிர்களைக் காத்தன. பிழைத்தோர் பல்லாண்டு வாழ்ந்து முதுமையை எட்டினர். முதுமையோடு இரு துன்பங்களும் முன்னின்றன. ஒன்று நாட்பட்ட வலி, மற்றொன்று மனச்சோர்வு.

வலியின் இருவகை

தொட்டால் உணராத காலில் வலி எவ்வாறு தோன்றும் எனப் பலரும் ஐயுறுவர். காயமுற்ற நரம்புகள் தூண்டல் ஏதுமின்றியே குறிப்புகளை எழுப்பக்கூடும். மூளை அவற்றைக் காலின் வலியாகவே உணர்கிறது. எரிச்சல், குத்தல், மின்தாக்குதல் போன்ற இவ்வலிக்குப் பொதுவான வலிநீக்கி மாத்திரைகள் பெரும்பாலும் போதிய பயன் தருவதில்லை. வெளியே புண் இல்லை என்பதால் அவ்வலி பொய்யாகிவிடாது.

மற்றொரு வலி தோளில் பிறப்பது. தோள்மூட்டு எத்திசையிலும் கையை அசைக்க ஏற்றது. உடலின் முழு எடையையும் நாள்தோறும் தாங்குவதற்கு உரியதன்று. சக்கர நாற்காலியை உருட்டுவதும், அதிலிருந்து கட்டிலுக்குக் கைகளை ஊன்றி மாறுவதும் ஆண்டுக்கணக்கில் தொடரும்போது தோள் தேய்கிறது. முப்பது வயதில் தாமே செய்த பணிகளுக்கு அறுபது வயதில் பிறரை அழைக்க நேர்கிறது. அரிதின் முயன்று பெற்ற தற்சார்பு இரண்டாம் முறை பறிபோகிறது.

மனச்சோர்வு

இளிவரல் என்னும் மெய்ப்பாடு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கின் அடியாகத் தோன்றும் எனத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுத்துள்ளது. இந்நான்கும் ஒருவரிடமே கூடும்போது மனம் தளர்வது இயல்பே. ஆனால் நாள்தோறும் நீங்காத வெறுமை, ஆர்வமின்மை, உறக்கமின்மை, வாழ்வின்மீது வெறுப்பு ஆகியன வெறும் தளர்ச்சியல்ல. மனச்சோர்வு என்னும் நோயின் அறிகுறிகள். வலி உறக்கத்தைக் கெடுக்கிறது. உறக்கமின்மை வலியை மிகுவிக்கிறது. இரண்டும் சேர்ந்து மனத்தை ஒடுக்குகின்றன.

‘இந்நிலையில் யாராயினும் வருந்தவே செய்வர்’ என்று சுற்றத்தார் கூறுவதுண்டு. இரக்கத்தில் பிறந்த அச்சொல்லே சிகிச்சைக்குத் தடையாகிவிடுகிறது. தண்டுவடம் காயமுற்றோரில் 20 முதல் 30 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் தெரிவித்துள்ளது. எஞ்சிய பெரும்பான்மையோரிடம் அது இல்லை. எனவே மனச்சோர்வு இக்காயத்தின் தவிர்க்கவியலாத விளைவன்று. உளவள ஆலோசனையாலும் மருந்தாலும் அதனைத் தணிக்க இயலும். இயன்முறைப் பயிற்சியும், எளிதில் உருளும் நாற்காலியும், சாய்தளப் பாதையும் தோளைக் காக்கும்.

வேலூர் தந்த சான்று

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் நிகழ்ந்த சாலை விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தார். பின்னர்ச் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, வேலூரில் அத்துறையை வளர்த்தார். 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவருடைய மனவுறுதி போற்றத்தக்கது. அதனோடு உரிய மருத்துவமும், ஏற்ற பணியும், துணைநின்ற உடன்பணியாளரும் இருந்தமையையும் கருதுதல் வேண்டும். மனவுறுதியை மட்டும் போற்றிவிட்டு அவ்வுதவிகளை வழங்காதிருத்தல் முறையன்று. வலிக்கிறது என ஒருவர் கூறுங்கால் அதனை நம்பிக் கேட்பதும், உரிய மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் அவ்வுதவியின் முதற்படியாகும்.