பாரத்தைப் பகிர்ந்தால் நேரம் கிடைக்கும்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஊழியப் பங்காளர்களுக்கு,



வையம்பட்டி, மணப்பாறைச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து நம்மிடம் வரும் தாய்மார்களிடம், "ஏனம்மா, நோயை இவ்வளவு முற்றவிட்டு வந்தீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "நேரம் எங்கே ஐயா இருக்கு? மாட்டுக்குத் தண்ணி காட்டணும், பிள்ளைங்களைப் பள்ளிக்கூடம் அனுப்பணும், காட்டு வேலைக்குப் போகணும்." வார்டில் சேர்த்த பின்னும், காய்ச்சல் தணிந்த மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடும்படி கெஞ்சுகிறவர்கள் உண்டு. சரீரத்தைக் கவனிக்கவே நேரமில்லாதவர்களுக்கு ஜெபிக்க நேரம் எப்படிக் கிடைக்கும்?

நேர ஒழுங்கைப் பற்றிப் பேசினால், இன்னும் அரை மணி முந்தி எழுந்திருங்கள் என்று இவர்களுக்கே புத்தி சொல்லப்படுகிறது. ஆனால் மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்வதைக் கவனியுங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலைகளைச் செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள்; ஆண்களோ 88 நிமிடங்கள். அவ்வேலையில் கைவைக்கும் ஆண்களும் சொற்பம். 2019 கணக்கெடுப்பில் 100 பேருக்கு 26 பேரே. ஆகவே இங்கே குறைவுபடுவது சுறுசுறுப்பு அல்ல, பங்கிடுதலே.

இது வேதத்துக்குப் புதிதல்ல. காலைமுதல் சாயங்காலம்வரை தனியே ஜனங்களை நியாயம் விசாரித்த மோசேயைப் பார்த்து, இப்படியே செய்தால் நீரும் தளர்ந்துபோவீர், ஜனங்களும் தளர்ந்துபோவார்கள் என்று அவருடைய மாமன் எச்சரித்தார் (யாத்திராகமம் 18). அவர் சொன்ன வழி, பொறுப்பைப் பலருக்குப் பிரித்துக் கொடுப்பதே. எருசலேம் சபையில் விதவைகளின் அன்றாடப் பந்தியில் குறை எழுந்தபோது, அந்த வேலைக்கு ஆவியும் ஞானமும் நிறைந்த ஏழு ஆண்களைத் தெரிந்துகொண்டார்கள் (அப்போஸ்தலர் 6). உயிர்த்தெழுந்த ஆண்டவர்தாமே, இராமுழுவதும் வலைவீசிக் களைத்த சீஷருக்குக் கரிநெருப்பில் மீனும் அப்பமும் ஆயத்தம்பண்ணிக் காத்திருந்தார் (யோவான் 21). ஆண்டவர் செய்த வேலை நமக்கு எப்படிக் கௌரவக் குறைவாகும்?

குடும்பங்களுக்கு நான் சொல்லும் ஆலோசனைகள் எளியவை.

முதலாவது, சனிக்கிழமை இரவு குடும்பமாக உட்கார்ந்து, வாரத்தின் வேலைகளை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயரைக் குறியுங்கள். தண்ணீர் பிடிப்பது, பாத்திரம் கழுவுவது, மாட்டுக்கு வைக்கோல் போடுவது எல்லாம் ஆண்பிள்ளைகளுக்கும் உரியவையே.

இரண்டாவது, குடும்ப ஜெபம் சுருக்கமாக இருக்கட்டும். ஆனால் எல்லோரும் உட்கார்ந்த பின் தொடங்கட்டும். தாய் அடுப்படியில் நிற்க மற்றவர்கள் பாட்டுப் பாடுவது குடும்ப ஜெபம் ஆகாது.

மூன்றாவது, ஞாயிறு சமையல் எளிமையாக இருக்கட்டும். மார்த்தாளின் உழைப்பை ஆண்டவர் வெறுக்கவில்லை. அநேக காரியங்களால் அவள் கலங்கியதையே அன்போடு சுட்டிக்காட்டினார். கறிக்குழம்புக்காக ஒரு தாய் ஆராதனையை விட்டு வீட்டில் நிற்க வேண்டாம்.

நான்காவது, மருத்துவர் மறுபடி வரச்சொன்ன தேதியைக் காலண்டரில் குறித்து, அன்று பால் கறப்பது யார், சோறு ஆக்குவது யார் என்று முன்னதாகவே முடிவு செய்யுங்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் இடைவிடாத சிகிச்சை வேண்டும். ஒரு தேதி தவறினால் மாத்திரையும் நின்றுபோகிறது.

பிரியமானவர்களே, உங்கள் காணிக்கையால் இங்கே ஏழைகளுக்கு மருந்து கிடைக்கிறது. அந்த மருந்து பலிக்க வேண்டுமானால், நோயாளிக்கு வீட்டிலிருந்து விடுப்பும் கிடைக்க வேண்டும். உங்கள் சபையின் ஆண்கள் ஐக்கியத்தில் இதைக் குறித்து ஒருமுறை பேசுங்கள். வேலைகளை விட்டு வரமுடியாமல் நோவை மறைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்காக ஜெபியுங்கள். கர்த்தர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்,
வையம்பட்டி