ரெசின் விற்கும் கடைக்காரர் கவனத்திற்கு

நமது உறுப்பினர்களில் ஹார்டுவேர், கெமிக்கல் வியாபாரம் செய்பவர்கள் பலர் வாட்டர் சாஃப்ட்னரும் அதற்கான ரெசினும் விற்று வருகிறார்கள். ரவை போன்ற அந்த மஞ்சள் மணிகள் என்ன செய்யும் என்று வாடிக்கையாளர் கேட்டால், "தண்ணீரில் உள்ள உப்பை எடுத்துவிடும்" என்று சொல்லி அனுப்புகிறோம். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பத்து நாளில் அவர் டி.டி.எஸ். மீட்டரோடு வந்து, "எண் இறங்கவே இல்லையே, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்பார். நான் மொத்த வியாபாரி. அந்த மூட்டை கடைசியில் என் குடோனுக்குத்தான் திரும்பி வருகிறது!

உண்மையில் ரெசின் செய்வது பண்டமாற்று. பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் மணியில் சல்ஃபானிக் தொகுதிகளை ஏற்றியிருக்கிறார்கள். அவை மணியோடு ஒட்டியே இருக்கும். எதிர்மின் தன்மை உள்ளவை. அவற்றைப் பற்றிக்கொண்டு சோடியம் அயனிகள் நிற்கின்றன. பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் கால்சியம், மெக்னீசியம் அயனிகளுக்கு இரட்டை மின்சுமை. ஆகவே ரெசின் அவற்றை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒரு கால்சியத்துக்கு இரண்டு சோடியத்தை வெளியே விடுகிறது. எடைக் கணக்கில் 40 கிராம் கால்சியம் போய் 46 கிராம் சோடியம் வருகிறது. பிறகு மீட்டர் எப்படி இறங்கும்? சோப்பு நுரைக்கும், பாய்லரிலும் கீசரிலும் பாறை கட்டாது. உப்புச் சுவை போகாது. இதை விற்கும்போதே சொல்லிவிட வேண்டும். உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் எச்சரித்திருப்பவர்களுக்கு, குடிப்பதற்குத் தனிக் குழாய் வைத்துக்கொள்ளச் சொல்வதும் நம் கடமை.

அடுத்தது அளவு. ஒரு லிட்டர் ரெசின் நடைமுறையில் சுமார் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள போர் தண்ணீருக்கு 100 லிட்டர் ரெசின் போட்டால் 10,000 லிட்டர் வரைதான் தாங்கும். பிறகு சுமார் 12 கிலோ உப்பைப் பத்து சதக் கரைசலாக்கி உள்ளே விட வேண்டும். சோடியம் அவ்வளவு நெருக்கமாக வந்து மோதும்போது கால்சியம் இடத்தை விட்டு விலகுகிறது. அழுக்கு உப்பு வேண்டாம். அதிலேயே கால்சியமும் மெக்னீசியமும் இருக்கும். கழுவிய உப்பு கொடுங்கள். கழிவுக் கரைசலைச் செடிகளுக்கோ கிணற்றருகிலோ விடக்கூடாது என்றும் சொல்லுங்கள்.

தண்ணீர் தெளிவாக வந்து, வாளியில் வைத்த பின் செந்நிறமாக மாறினால் அதில் இரும்பு இருக்கிறது. அதை முன்னதாகவே வடிகட்டாவிட்டால் துரு மணிகளின் மேல் படிந்து ரெசினைக் கெடுத்துவிடும். குளோரின் அதிகமானாலும் மணிகள் நாளடைவில் இளகிப்போகும்.

எலக்ட்ரோபிளேட்டிங் பட்டறைக்காரர்கள் செம்பு, நிக்கல் பிடிக்க ரெசின் கேட்டால் இந்த மூட்டையை நீட்ட வேண்டாம். அதற்கு இமினோடைஅசிட்டிக் தொகுதி உள்ள வேறு ரகம் உண்டு. அது உலோக அயனியை நண்டு கொடுக்கால் கவ்வுவது போலக் கவ்வும். விலையும் அதிகம்.

கடைசியாக, இருப்பு வைப்பது. மணியின் எடையில் ஏறக்குறையப் பாதி ஈரம்தான். மூட்டையை வெயிலில் போட்டு, வாய் திறந்து வைத்தால் காய்ந்துவிடும். காய்ந்த மணியில் நேரே தண்ணீர் ஊற்றினால் சட்டென்று ஊதி வெடிக்கும். முதலில் கெட்டியான உப்புக் கரைசலில் ஊறவைத்து, பிறகு சிறிது சிறிதாகத் தண்ணீர் சேர்க்கவும்.