அழகுச் சிகிச்சைக்குப் பின் வீட்டில் கழியும் நாட்கள்

2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ ரயில் பொம்மசந்திரா வரையில் ஓடத் தொடங்கியது முதல், ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் வசிக்கும் நம்மவர்களுக்குப் பெங்களூரின் அழகுச் சிகிச்சை நிலையங்கள் மேலும் சமீபமாகிவிட்டன. காலையில் சென்று வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் மாலையிலேயே வீடு திரும்பிவிடலாம் என்ற நினைப்பும் கூடவே வந்து சேர்ந்திருக்கிறது. கன்னடச் சின்னத்திரை நடிகை சேத்தனா ராஜ், 2022 மே 16 அன்று, 21 வயதில், கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் பின் நுரையீரலில் நீர் சேர்ந்து மரணமடைந்ததாகவும், பெற்றோருக்கு முன்கூட்டித் தெரிவிக்கவில்லை என்றும் பத்திரிகைகள் எழுதின.

இந்த ரகசியம்தான் எனக்குப் பெரிய அபாயமாகத் தோன்றுகிறது. இருதய நோயாளிக்குக் கிடைக்கும் கவனிப்பில் கால்வாசிகூட, மூக்கைத் திருத்திக்கொண்டு வந்தவளுக்கு வீட்டில் கிடைப்பதில்லை. அவளும் வெட்கத்தினால் வலியை விழுங்கிக்கொள்கிறாள். வீட்டில் ஒருவருக்கேனும் விஷயம் தெரிந்திருந்து, முதல் இரண்டு மூன்று தினங்கள் அவர் அருகில் இருப்பது அவசியம். சௌகரியம் என்பது அசையாமல் படுத்திருப்பதன்று. கெண்டைக்கால் நாளங்களில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குச் சென்று அடைத்துக்கொள்ளக் கூடுமாதலால், மருத்துவர் அனுமதித்த உடனே அறைக்குள்ளேனும் மெல்ல நடக்க வேண்டும். கொழுப்பு எடுத்த இடத்தில் சில வாரங்கள் உணர்ச்சி மரத்திருக்கும். பாட்டி அன்போடு கொடுக்கும் வெந்நீர் ஒத்தடம் தோலைச் சுட்டுவிட்டாலும் தெரியாது. மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் ஆஸ்பிரின் ரத்தப்போக்கை அதிகரிக்கும். மூச்சுத் திணறலோ, மார்பு வலியோ, ஒற்றைக் காலில் வீக்கமோ கண்டால், விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழைத்து, செய்துகொண்ட சிகிச்சையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

பணத்தைப் பற்றியும் முன்பே பேசிவிடுவது உசிதம். விபத்து, தீக்காயம், புற்றுநோய் போன்ற காரணங்களால் நேர்ந்த சீரமைப்பைத் தவிர, வெறும் அழகுச் சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு பணம் தருவதில்லை. ஆகவே சிக்கல் நேர்ந்தால் மறுசிகிச்சையின் செலவு யாருடையது என்பதை, சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வீடு திரும்புகையில் டிஸ்சார்ஜ் சம்மரி, ரசீது, இரவிலும் கிடைக்கும் மருத்துவரின் தொலைபேசி எண் ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும். சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதி.

தழும்பு நினைத்ததைவிடப் பெரிதாக இருப்பது மாத்திரம் அலட்சியமாகிவிடாது. ஆனால் ஜுரத்தோடு தொலைபேசியில் கதறியவரைப் பார்க்க மறுத்தாலோ, அபாயங்களை விளக்காமலே சம்மதம் வாங்கியிருந்தாலோ, வழக்குக்கு இடமுண்டு. கட்டணம் பெற்றுச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்துவிட்டது. 2019ஆம் ஆண்டுச் சட்டமோ, நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிட வழிசெய்திருப்பதால், சிகிச்சை பெங்களூரில் நடந்திருந்தாலும் ஓசூர்வாசி கிருஷ்ணகிரியிலேயே மனுச் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மனுக் கட்டணம் இல்லை. காலக்கெடு 2 ஆண்டுகள். ஆரம்ப ஆலோசனைக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.