கொதிக்கும் ஏரிக்கு ஒரு குடும்பப் பயணம்

2023 ஜூலையில் டொமினிக்காத் தீவின் ரோசோ நகரில் உள்ள விண்ட்சர் பார்க் மைதானத்தில் ரவிச்சந்திரன் அஷ்வின் ஒரே டெஸ்டில் 12 விக்கெட் எடுத்தார். யஷஸ்வி ஜெய்ஸ்வால் தன் முதல் டெஸ்டிலேயே 171 ரன் அடித்தார். மூன்றே நாளில் முடிந்துபோன அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு, மைதானத்தை ஒட்டி எழுந்து நின்ற பச்சை மலைகள் ஞாபகம் இருக்கலாம். டொமினிக்காவுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் அந்த மலைகளுக்காகத்தான் போகிறார்கள்.

கரீபியன் என்றதும் வெண்மணலும் சாய்வு நாற்காலியும் மனதில் வரும். டொமினிக்காவில் இவை குறைவு. கடற்கரைகளில் பெரும்பாலும் எரிமலை தந்த கருமணல்தான். 750 சதுர கிலோமீட்டர் பரப்பும் ஏறத்தாழ 70,000 மக்களும் கொண்ட சின்னத் தீவு இது. ஆனால் இதன் மிக உயரமான சிகரமான மோர்ன் டியாப்லோட்டின் 1,447 மீட்டர். தீவின் நடுவே உள்ள மோர்ன் த்ருவா பிட்டோன் தேசியப் பூங்காவை 1997-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அருவி, வெந்நீர் ஊற்று, மழைக்காடு, பாறை இடுக்கு எல்லாம் ஒரு மணி நேரக் கார் பயணத்துக்குள் கிடைக்கின்றன. ஓய்வெடுக்க நினைப்பவர்களுக்கு வேறு தீவுகள் இருக்கின்றன. வீட்டில் 13 வயதிலும் 17 வயதிலும் பிள்ளைகள் இருந்து, அவர்களோடு சேர்ந்து நடக்கவும் ஏறவும் நீந்தவும் விரும்பினால், கரீபியனில் இதைவிடப் பொருத்தமான தீவைச் சொல்வது கடினம்.

அந்த வயதுப் பிள்ளைகளோடு பயணம் போவது தனிக் கலை. பத்து வயதுவரை எங்கே கூப்பிட்டாலும் துள்ளிக்கொண்டு வந்த பிள்ளை, பதினான்கில் "நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க" என்கிறது. இதற்குப் பெற்றோர் செல்போனைக் குறை சொல்வார்கள். உண்மையில், பல குடும்பப் பயணங்களில் பிள்ளைகளுக்குச் செய்வதற்கு ஒன்றுமே இருப்பதில்லை. டிக்கெட் போடுவது அப்பா, பெட்டி கட்டுவது அம்மா, எங்கே எப்போது இறங்க வேண்டும் என்று சொல்வது டிரைவர். பின் இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு மிஞ்சுவது செல்போன் மட்டும்தான்.

ஆகவே திட்டமிடலை வீட்டிலேயே பங்கு போட வேண்டும். செலவின் உச்சவரம்பு, தேதி, பாதுகாப்பு ஆகிய மூன்றும் பெற்றோர் கையில் இருக்கட்டும். மற்றதில் பெரும்பகுதியைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். டொமினிக்கா இதற்கு நன்றாக இடம் கொடுக்கிறது. தென்முனையில் ஸ்காட்ஸ் ஹெட்டில் தொடங்கித் தீவின் நீளத்துக்கும் வளைந்து செல்லும் வைதுகுபுலி நடைபாதையின் மொத்த நீளம் சுமார் 184 கிலோமீட்டர். அது 14 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எந்தப் பகுதியை எடுப்பது, எங்கே தொடங்குவது, திரும்பி வர வண்டியை எங்கே நிறுத்தச் சொல்வது என்பதையெல்லாம் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒரு 15 வயதுப் பெண் முடிவு செய்துவிட முடியும். ஸ்காட்ஸ் ஹெட்டிலிருந்து சூஃப்ரியேர் எஸ்டேட் வரை செல்லும் முதல் பகுதி சுமார் 7 கிலோமீட்டர்தான். பழகிக்கொள்ள அது போதும்.

ஆனால் பயணத்துக்கு ஒரு முதுகெலும்பு வேண்டும். தினமும் இரண்டு இடம், மூன்று இடம் என்று அடுக்கினால் பதின்ம வயதினர் மூன்றாம் நாளே சலித்துவிடுவார்கள். கடினமான ஒரே ஒரு காரியத்தை நடுவில் வைத்து, மற்ற நாட்களை அதற்கு ஏற்ப அமைப்பதே நல்லது. டொமினிக்காவில் அந்தக் காரியம் எது என்பதில் ஐயமே இல்லை: கொதிக்கும் ஏரி.

இது பேருக்காகச் சொல்வதல்ல, அந்த ஏரி உண்மையிலேயே கொதிக்கிறது. சுமார் 60 மீட்டர் அகலமுள்ள அதன் நடுவில் சாம்பல் கலந்த நீலத்தில் தண்ணீர் பொங்கிப் புரள்கிறது. எரிமலைத் துளை வழியே வெப்ப வாயுவும் நீராவியும் கீழிருந்து எழுகின்றன. மழையும் சிற்றோடைகளும் மேலிருந்து நிரப்புகின்றன. கரையோரத்திலேயே 82 முதல் 92 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் அளக்கப்பட்டிருக்கிறது. இவ்வகை ஏரிகளில் நியூஸிலாந்தின் ஃப்ரையிங் பான் ஏரிக்கு அடுத்தபடியாக இதுவே பெரியது. 2004 இறுதியில் தண்ணீர் திடீரென வடிந்து குளிர்ந்துபோய், சில மாதங்களில் மறுபடி நிறைந்தது. அறிவியல் பாடத்தில் புவிவெப்பம் படித்த பிள்ளை அதன் விளிம்பில் நிற்கும்போது பெற்றோர் எதையும் விளக்க வேண்டியிருக்காது.

அங்கே போகச் சாலை கிடையாது. ரோசோவுக்கு மேலே மலையில் உள்ள லோடா கிராமத்துக்கு அருகே, டீட்டு பாறை இடுக்கின் பக்கத்தில் பாதை தொடங்குகிறது. போய்த் திரும்ப ஏறக்குறைய 13 கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஏற்றம், இறக்கம், மறுபடி ஏற்றம் என்று போவதால் ஆறு, ஏழு மணி நேரம் பிடிக்கும். முதலில் மழைக்காடு. வேர்களும் மரத்துண்டுகளும் படிகளாகின்றன. வழியில் வரும் பிரேக்ஃபாஸ்ட் ஆற்றில் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள். பிறகு மோர்ன் நிக்கோல்ஸ் முகடு. மேகம் விலகினால் இரண்டு பக்கமும் மலைத்தொடர் தெரியும். அங்கிருந்து செங்குத்தாக இறங்கினால் 'பாழ்பள்ளத்தாக்கு'. மரங்கள் மறைந்து, மஞ்சளும் கருப்பும் வெள்ளையுமாகத் தாதுப் படிந்த பாறைகள் வருகின்றன. தரையிலிருந்து நீராவி சீறுகிறது, ஓடைகளில் சுடுநீர் ஓடுகிறது, கந்தக நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. வெள்ளிக் கொலுசோ மோதிரமோ போட்டிருந்தால் முன்பே கழற்றி வைத்துவிட வேண்டும். அந்த வாயு வெள்ளியைக் கறுக்கச் செய்துவிடும்.

இந்தப் பள்ளத்தாக்கில் எங்கே கால் வைக்கலாம், எங்கே கூடாது என்பது உள்ளூர் வழிகாட்டிக்குத்தான் தெரியும். மேலோடு மெலிதாக இருக்கும் இடத்தில் கால் புதைந்தால் கொதிநீரில் வெந்துபோகும். வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இந்தப் பாதைக்கு வரவே கூடாது. உரிமம் பெற்ற வழிகாட்டியைப் பயணத்துக்கு முன்பே பேசி வைத்து, பிள்ளைகளின் வயதையும் நடைப் பழக்கத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். மழை பலமாகப் பிடித்து, "இன்று வேண்டாம்" என்று அவர் சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது. அதற்காகவே ஒரு மாற்று நாளைத் திட்டத்தில் ஒதுக்கி வைப்பது அவசியம்.

திரும்பி வந்ததும் டீட்டு இடுக்கில் இறங்கலாம். இரண்டு பக்கமும் நெருங்கி நிற்கும் பாறைச் சுவர்களுக்கு இடையே குளிர்ந்த நீரில் நீந்திப் போனால் கடைசியில் ஓர் அருவி இருக்கிறது. ஏழு மணி நேரம் நடந்த கால்களுக்கு வேறு மருந்து வேண்டாம்.

இங்கே தூக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்குத் தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறார்கள் மருத்துவர்கள். பருவ வயதில் உடலில் மெலடோனின் சுரக்கும் நேரமே இரவில் தள்ளிப்போவதால், தூக்கமும் தாமதமாகத்தான் வரும். விடிகாலையில் எழுப்பினால் முகத்தைச் சுளிப்பது சோம்பேறித்தனம் இல்லை. ஏரிக்குப் போகும் நாளில் அதிகாலையில் எழுந்தே ஆக வேண்டும், அதற்கு முந்தைய நாளும் அடுத்த நாளும் அவர்கள் விருப்பப்படி தூங்கட்டும். நடந்த மறுநாள் வாட்டன் வேவன் கிராமத்துக் கந்தக வெந்நீர்க் குளங்களில் ஊறிக் கிடப்பதைத் தவிர வேறு எதையும் வைக்காமல் இருப்பதே நல்லது. டிரஃபால்கர் இரட்டை அருவிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. அவற்றை வந்த புதிதில், கால் மணி நேர நடையில் பார்த்துவிடலாம்.

கடலுக்கு ஒதுக்கும் நாட்களில் மேற்குக் கரையே நம்பகமானது. கிழக்கே அட்லாண்டிக் சீற்றமாக இருக்கும், அங்கே நீந்துவது ஆபத்து. ரோசோவுக்குத் தெற்கே உள்ள ஷாம்பெய்ன் ரீஃபில் கடலடியிலிருந்து எரிமலை வாயு குமிழ் குமிழாக மேலே வருகிறது. ஸ்நார்கெல் மாட்டிக்கொண்டு கரையிலிருந்தே நீந்திப் போய்ப் பார்க்கலாம். நம் குடும்பங்கள் பலவற்றில் நீச்சல் தெரியாத பிள்ளைகள் உண்டு, பெற்றோரும் உண்டு. டிக்கெட் எடுத்த நாளிலேயே எல்லோரும் நீச்சல் வகுப்பில் சேர்ந்துவிடுவது, இந்தப் பயணத்துக்காகச் செய்யும் செலவுகளிலேயே மிகப் பயனுள்ளது. ஸ்கூபா டைவிங் ஆசை இருந்தால், 10 வயதிலிருந்தே இளையோர் சான்றிதழ்ப் பயிற்சி உண்டு. அதன் பாடப்பகுதியை வீட்டிலேயே ஆன்லைனில் முடித்துவிட்டு வந்தால் தீவில் நாட்கள் மிச்சமாகும். பல முறை கடலடிக்குச் சென்றவர்கள் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். எனவே கடைசி நாளில் டைவிங் கூடாது.

ஹெல்மெட்டும் வெட்சூட்டும் மாட்டி, கயிற்றில் அருவிகளுக்குள் இறங்கும் கேன்யனிங் 16, 17 வயதினருக்கு மிகவும் பிடிக்கும். எத்தனை வயது முதல் அனுமதி என்பதை நடத்துபவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்பாவும் அம்மாவும் கூடவே குதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பயிற்சியாளரோடு பிள்ளையை அனுப்பிவிட்டுக் கரையில் காத்திருப்பதும் பெற்றோரின் பங்குதான்.

இந்தத் தீவின் இன்னொரு அதிசயம் ஸ்பெர்ம் திமிங்கிலங்கள். மேற்குக் கரையை ஒட்டியே கடல் சட்டென ஆழமாகிவிடுவதால் இவை கரைக்கு அருகிலேயே குடும்பம் குடும்பமாக வாழ்கின்றன. பாட்டி, தாய், மகள் என்று பெண் வழியில் அமைந்த குடும்பங்கள். ஆண் குட்டிகள் பதின்ம வயதில் பிரிந்து போய்விடும். 2005-லிருந்து ஷேன் கெரோ என்ற ஆய்வாளரின் குழு இவற்றைத் தனித்தனியாக அடையாளம் கண்டு பின்தொடர்ந்து வருகிறது. இவை 'கிளிக்' ஒலிகளால் பேசிக்கொள்கின்றன. ஒன்று, ஒன்று, பிறகு விரைவாக மூன்று என்ற தாளம் இந்தப் பகுதித் திமிங்கிலக் கூட்டத்தின் அடையாளம். அந்த ஒலிகளைப் புரிந்துகொள்ள இப்போது செயற்கை நுண்ணறிவையும் பயன்படுத்துகிறார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு இதைவிட நல்ல அறிமுகம் கிடைக்காது. 2023 நவம்பரில் டொமினிக்கா அரசு சுமார் 788 சதுர கிலோமீட்டர் கடலை இவற்றுக்கான காப்பகமாக அறிவித்தது. படகில் போய்ப் பார்க்கலாம். இவற்றோடு நீந்துவதற்குச் சிறப்பு அனுமதி வேண்டும்.

வடக்கே போர்ட்ஸ்மத் பக்கம் போனால் இந்தியன் ஆற்றில் துடுப்புப் படகுப் பயணம் உண்டு. 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' இரண்டாம் படத்தின் காட்சிகளை இங்கே எடுத்தார்கள். பிள்ளைகள் படம் பிடித்துத் தள்ளுவார்கள், அவ்வளவுதான். அதைவிட ஒரு முழு நாளைக் கிழக்குக் கரையின் கலினாகோ பகுதிக்குக் கொடுப்பது மேல். கொலம்பஸ் வருவதற்கு முன்பே இந்தத் தீவில் வாழ்ந்த மக்கள் இவர்கள். 1903-ல் ஒதுக்கப்பட்ட சுமார் 3,700 ஏக்கரில் இன்று ஏறத்தாழ 3,000 பேர் வாழ்கிறார்கள். மரத்தைக் குடைந்து படகு செய்வதும், நாணலில் கூடை முடைவதும், மரவள்ளி மாவில் ரொட்டி சுடுவதும் இன்றும் நடக்கின்றன. 2023-ல் நாட்டின் குடியரசுத் தலைவரான சில்வானி பர்ட்டன் இந்த இனத்தவர். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்ணும் அவரே. கூடையைக் கடையில் வாங்காமல் முடைந்தவரிடமே வாங்குங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். சேப்பங்கிழங்கு, அதன் இலையில் செய்யும் கல்லலூ சூப், சீமைப்பலா, வாழைக்காய், மரவள்ளி என எல்லாமே தெரிந்த பொருட்கள்தான். ரஸ்தாஃபாரி மக்கள் நடத்தும் சிறு கடைகளில் சைவச் சாப்பாடு நன்றாகக் கிடைக்கும்.

எப்போது போவது? டிசம்பர் முதல் மே வரை மழை குறைவு. சூறாவளிக் காலம் ஜூனில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. 2017 செப்டம்பர் 18 அன்று மரியா சூறாவளி ஐந்தாம் வகை வேகத்தோடு தீவைத் தாக்கியது. பெரும்பாலான வீடுகளின் கூரை பறந்தது. சேதம் நாட்டின் ஓராண்டு உற்பத்தி மதிப்பைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். காடு துளிர்த்துவிட்டாலும், முறிந்த மரங்களை நடைபாதைகளில் பார்க்கலாம். பருவநிலை மாற்றம் என்ன செய்யும் என்பதை இந்த மக்கள் பாடப்புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அதைப் பிள்ளைகள் அவர்கள் வாயாலேயே கேட்கட்டும். தமிழ்நாட்டின் ஏப்ரல், மே விடுமுறை உலர்காலத்தின் கடைசியில் விழுவது வசதி. டொரன்டோ, லண்டன் தமிழ்க் குடும்பங்கள் ஈஸ்டர் விடுமுறையைப் பயன்படுத்தலாம்.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு டொமினிக்காவில் முன்கூட்டியே விசா எடுக்கத் தேவையில்லை. ஆனால் வழியில் மாறும் நாட்டின் விசா தேவைப்படும். மயாமி வழியாகப் போனால் அமெரிக்க விசா வேண்டும். டொமினிக்கன் குடியரசு என்பது ஸ்பானிஷ் பேசும் வேறு நாடு, முன்பதிவில் பெயரை இரண்டு முறை சரிபாருங்கள். விமான நிலையம் வடகிழக்கில் இருப்பதால் ரோசோ போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். வண்டிகள் நம் ஊர்போல இடது பக்கம் ஓடும். மருத்துவக் காப்பீட்டில், அவசரம் வந்தால் வேறு தீவுக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவும் சேர்ந்திருக்க வேண்டும்.

கூடுதலாக நாட்கள் இருந்தால், பக்கத்தில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான குவாதலூப்புக்குப் படகில் போகலாம். 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். மாரியம்மன் கோயில்களும் இருக்கின்றன. சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது என்பதால், விண்ணப்பிக்கும்போதே குவாதலூப் பெயரைக் குறிப்பிட்டு அனுமதி பெற வேண்டும்.

சென்னையிலிருந்து போவதற்கே ஏறக்குறைய இரண்டு நாட்கள் கரைந்துவிடும், திரும்பவும் அப்படித்தான். ஏரிக்கு ஒரு நாள், மழைக்கு ஒரு மாற்று நாள், தூக்கத்துக்கு இரண்டு நாள், கடலுக்கு இரண்டு நாள், கலினாகோ பகுதிக்கும் மற்றவற்றுக்கும் இரண்டு நாள் வேண்டும். இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்குப் பன்னிரண்டு நாள் விடுப்பு கிடைக்கவில்லை என்றால், இந்தப் பயணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடுவதே சரி.