புரோட்டியோமிக்ஸ் படிக்க வீட்டுக் கம்ப்யூட்டர் போதும்!

உங்கள் வீட்டில் பயோகெமிஸ்ட்ரி, பயோடெக்னாலஜி படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்களா? புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் பாட்டு கேட்பது, படம் பார்ப்பது எல்லாம் இருக்கட்டும். அதே கம்ப்யூட்டரில் புரோட்டியோமிக்ஸ் என்ற துறையைச் செலவில்லாமல் கற்கலாம். தேறியவர்களுக்கு மாத உதவித்தொகையுடன் ஆராய்ச்சி செய்யவும் வழி இருக்கிறது.

நம் உடலின் செல்களில் உள்ள புரதங்கள் அனைத்தையும் ஒட்டுமொத்தமாக ஆராய்வதுதான் புரோட்டியோமிக்ஸ். ‘புரோட்டியோம்’ என்ற சொல்லை 1994-ல் உருவாக்கியவர் ஆஸ்திரேலியாவின் மார்க் வில்கின்ஸ். நான் சாப்ட்வேர் எழுதுபவன். பயாலஜியைப் பத்தாம் வகுப்போடு விட்டவன். ஆனாலும் இந்தத் துறை எனக்குப் பழக்கமானதாகவே தெரிந்தது. காரணம், இதில் பாதி வேலை பைல்களில் தேடும் வேலை.

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். பிரவுசரில் யூனிபுராட் தளத்தைத் திறந்து, தேடும் கட்டத்தில் பி01308 என்ற எண்ணை ஆங்கில எழுத்தில் டைப் செய்யுங்கள். மனித இன்சுலின் வரும். அதன் வரிசையை பாஸ்டா பைலாக டவுன்லோட் செய்து நோட்பேடில் திறந்தால், முதல் வரியில் பெயரும் அதன் கீழே 110 ஆங்கில எழுத்துக்களும் இருக்கும். ஒவ்வொரு எழுத்தும் ஒரு அமினோ அமிலம். அவ்வளவுதான், வெறும் டெக்ஸ்ட் பைல்! இப்படிப்பட்ட கோடிக்கணக்கான வரிசைகளை இந்தத் தளம் இலவசமாகத் தருகிறது.

இனி ஆய்வகத்தில் நடப்பதைப் பார்ப்போம். ரத்தம் போன்ற மாதிரியில் உள்ள புரதங்களை டிரிப்சின் என்ற நொதி துண்டு துண்டாக வெட்டும். கண்டபடி வெட்டாது, பெரும்பாலும் கே, ஆர் என்ற எழுத்துக்களை அடுத்துத்தான் வெட்டும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவி அந்தத் துண்டுகளின் எடையை அளக்கும். அவற்றை மேலும் உடைத்து, உடைந்தவற்றின் எடையையும் அளக்கும். கம்ப்யூட்டர் புரதப் பட்டியலை எடுத்து, அதே இடங்களில் வெட்டினால் என்ன எடை வரும் என்று கணக்கிட்டுப் பொருத்திப் பார்க்கும். பொருந்தினால் புரதம் கிடைத்துவிட்டது.

தற்செயலாகவும் பொருந்தலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதற்காகவே உண்மைப் பட்டியலோடு, எழுத்துக்களைத் தலைகீழாகத் திருப்பி எழுதிய ஒரு போலிப் பட்டியலையும் சேர்த்துக் கொடுப்பார்கள். போலியில் எத்தனை பொருந்துகின்றன என்று பார்த்தால், தவறு எவ்வளவு என்று மதிப்பிடலாம். 1 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். சாப்ட்வேர் டெஸ்டிங்கில் இருப்பவர்களுக்கு இந்தத் தந்திரம் மிகவும் பிடிக்கும்.

இந்தச் சோதனை எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2014-ல் நடந்ததே சான்று. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் பெங்களூருவின் இன்ஸ்டிடியூட் ஆப் பயோஇன்பர்மேடிக்ஸும் சேர்ந்து, மனிதனின் 30 வகைத் திசுக்களையும் செல்களையும் ஆராய்ந்து, 17,294 ஜீன்களின் புரதங்களைக் கண்டதாக நேச்சர் இதழில் வெளியிட்டன. அதே இதழில் ஜெர்மனியின் மியூனிக் குழுவும் இதுபோன்ற ஒரு வரைபடத்தை வெளியிட்டது. நம் ஊர் இளைஞர்கள் பலர் உழைத்த பெரிய சாதனை இது. ஆனால் அதே ஆண்டில் ஸ்பெயின் ஆய்வாளர்கள் அந்த முடிவுகளைக் கம்ப்யூட்டரில் மறுபடி அலசினார்கள். வாசனையை உணர உதவும் புரதங்கள் நூற்றுக்கு மேல் பட்டியலில் இருந்தன. மூக்கின் திசுவையோ யாரும் ஆராயவே இல்லை! தற்செயல் பொருத்தங்கள் உள்ளே நுழைந்துவிட்டன என்று அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அவர்கள் ஆய்வகத்தில் புதிதாக எதையும் அளக்கவில்லை. விவரங்கள் இணையத்தில் திறந்திருந்தன, அவற்றைச் சரிபார்க்கும் பயிற்சி அவர்களிடம் இருந்தது.

அந்தப் பயிற்சி எங்கே கிடைக்கும்?

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே உள்ள ஐரோப்பிய பயோஇன்பர்மேடிக்ஸ் நிறுவனத்தின் தளத்தில் ஆரம்பப் பாடங்கள் இலவசம். நம் நாட்டில், ஐ.ஐ.டி. மும்பை பேராசிரியர் சஞ்சீவா ஸ்ரீவஸ்தவாவின் பாடங்கள் என்.பி.டி.இ.எல். தளத்தில் வீடியோவாகவே இருக்கின்றன. பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் பணம் கட்டித் தேர்வு எழுத வேண்டும்.

செய்முறைக்கு மேக்ஸ்குவான்ட் என்ற இலவச சாப்ட்வேரை டவுன்லோட் செய்யலாம். ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் உயிர்வேதியியல் நிறுவனம் உருவாக்கியது. ஆனால் கருவியிலிருந்து வரும் பைல்கள் மிகப் பெரியவை. ரேம் குறைவான கம்ப்யூட்டர் திணறிப் போகும். அப்படிப்பட்டவர்களுக்கு கேலக்ஸி தளம்தான் என் சிபாரிசு. பைலை ஏற்றிவிட்டால் கணக்கு முழுவதும் அவர்கள் சர்வரில் நடக்கும். உங்களுக்கு பிரவுசர் மட்டும் போதும். படிப்படியான பாடங்களும் மாதிரி பைல்களும் அங்கேயே இருக்கின்றன.

என் சித்தப்பா மகள் எம்.எஸ்சி. படித்தபோது 15 நாள் பயிற்சிக்கு ஒரு நிறுவனம் 12 ஆயிரம் ரூபாய் வாங்கியது. கொடுத்தது ஒரு சான்றிதழும், யூனிபுராட் பக்கங்களின் பிரின்ட் அவுட்டும். சித்தப்பா அந்தப் பணத்தைக் கடன் வாங்கித்தான் கட்டினார். பணம் கட்டுவதற்கு முன், அதே பாடம் இலவசமாக இருக்கிறதா என்று இணையத்தில் ஒரு மணி நேரமாவது தேடுங்கள்.

பணம் தரும் வாய்ப்புகள்

பட்டப்படிப்பு மாணவர்கள் முதலில் முயல வேண்டியது, இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சித் திட்டம். தேர்வாகிறவர்கள் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் வேலை பார்க்கலாம். உதவித்தொகையும் உண்டு, ரயில் கட்டணமும் உண்டு.

எம்.எஸ்சி. முடிப்பவர்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வும், உயிர்த்தொழில்நுட்பத் துறையின் பெட் தேர்வும் இருக்கின்றன. ஜே.ஆர்.எப். கிடைத்தால், 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்.ஆர்.எப். ஆனால் 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி.

வெளிநாடு போக விரும்புகிறவர்கள் ஐரோப்பிய யூனியனின் மேரி கியூரி முனைவர் பட்டத் திட்டங்களைக் கவனியுங்கள். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், சம்பளத்துடன் வேலையாகவே தருவார்கள். சேரப்போகும் நாட்டில் கடைசி 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. நம் ஊரிலிருந்து முதல் முறை போகிறவர்களுக்கு இது பிரச்னையே இல்லை. காலியிடங்கள் யூராக்சஸ் தளத்தில் வரும்.

என்னைப் போன்ற இன்ஜினியர்களுக்கு ஒரு தகவல். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் புரதங்களை அளக்க வழி கண்டு 2002-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் ஜப்பானின் கொய்ச்சி டனாகா. படித்தது எலக்ட்ரிகல் இன்ஜினியரிங், முனைவர் பட்டம் பெறாதவர்!

ஆய்வகத் தலைவருக்கு மெயில் அனுப்பும்போது ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பாதீர்கள். அவருடைய ஒரு ஆய்வுக் கட்டுரையைப் படித்து, கேலக்ஸியில் நீங்கள் செய்து பார்த்த ஒன்றைப் பற்றி நான்கு வரி எழுதுங்கள். பயோடேட்டாவை பி.டி.எப். ஆக்கி, பைலுக்கு உங்கள் பெயரையே வைத்து இணைத்து அனுப்புங்கள்.